பழைய பேஸ் கிட்டார் குழப்படி செய்தால்: எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது

எங்கள் வீடு வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் ரயில் பாதைக்கும் நடுவில். ஜன்னலைத் திறந்து வைத்தால் இரண்டு வருடத்தில் பூட்டுகூடத் துருப்பிடித்துவிடும். அப்படிப்பட்ட வீட்டில் சித்தப்பாவின் பேஸ் கிட்டார் பதினொரு வருடம் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. எழுபதுகளில் ஜப்பானில், ஃபெண்டரின் ஜாஸ் பேஸைப் பார்த்துச் செய்த நகல். தலையில் ஒட்டியிருந்த பெயர் எப்போதோ உரிந்துவிட்டது. அவர் அதில் கலியாண வீடுகளில் பைலா வாசித்தார். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் கொட்டாஞ்சேனைத் தேவாலயத்தில் வாசிக்கிறேன்.

வெளியே எடுத்தபோது கழுத்து வளைந்து, மூன்று குமிழும் கரகரத்து, ஒரு பிக்கப் செத்துப்போயிருந்தது. அதைத் திருத்திப் பழகிய கதை நண்பர்களிடம் பரவியதால் இப்போது மாதத்துக்கு ஒரு பேஸாவது என் சாப்பாட்டு மேசைக்கு வருகிறது. கொண்டுவருபவர்கள் சொல்வது பெரும்பாலும் இரண்டே வசனம்: "ட்ரஸ் ரொட்டைத் திருப்பிப் பார்த்தேன், சரிவரவில்லை." "பிக்கப் போய்விட்டது போல." அநேகமாக இரண்டுமே பிழை. ட்ரஸ் ரொட் என்பது கழுத்துக்குள் ஓடி அதன் வளைவைப் பிடித்துவைக்கும் இரும்புக் கம்பி, பிக்கப் என்பது கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள். இரண்டும் கடைசியாகக் கைவைக்க வேண்டியவை. சலிப்பூட்டும் சின்னச் சாமான்களைப் பார்த்து முடித்த பிறகுதான் அவற்றின் பக்கம் போக வேண்டும்.

## மேசையில் வைப்பதற்கு முன்

புதுக் கம்பி போடுங்கள். இதைச் செய்யாமல் கழுத்தையும் சுருதியையும் அளப்பது வீண்வேலை. செத்த கம்பி சுருதியில் நிற்காது, இரையும், சத்தம் மெலியும். பாதிப் புகார்கள் இதோடு போய்விடும். எந்தத் தடிப்புக் கம்பி போடுகிறீர்களோ அதையே தொடர்ந்து போடுங்கள். நான்கு கம்பியும் சேர்ந்து கழுத்தை இழுக்கும் விசை எண்பது கிலோ அளவில் வரும். தடிப்பை மாற்றினால் அந்தக் கணக்கே மாறி, கழுத்தை மறுபடி முதலில் இருந்து சரிசெய்ய வேண்டியிருக்கும்.

தேவையான சாமான்கள் அதிகமில்லை. மல்டிமீட்டரும் நாற்பது வாட் சோல்டரிங் அயனும் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கிடைக்கும். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜை இசைக்கருவிக் கடையில் தேடி அலையாதீர்கள். வாகனக்காரர் டாப்பட் அளக்க வைத்திருக்கும் அதே சாமான்தான். பஞ்சிகாவத்தையில் வாங்கலாம், பக்கத்துத் திரீவீல் கராஜில் இரவலும் கேட்கலாம். அலன் கீ இரண்டு செட் வேண்டும், ஒன்று இன்ச் அளவு, மற்றது மில்லிமீட்டர் அளவு. அமெரிக்கப் பேஸுக்கு இன்ச், ஜப்பான் பேஸுக்கு மில்லிமீட்டர். "கிட்டத்தட்டப் பொருந்துகிறது" என்று ஒன்றை மற்றதில் போட்டுத் திருப்பினால் ட்ரஸ் ரொட் நட்டின் உட்பக்கம் வழுகி உருண்டையாகிவிடும். அதன் பிறகு அந்தக் கழுத்து உங்கள் கையில் இல்லை.

## கம்பி இரைகிறது

முதலில் அம்ப்பில் போட்டுக் கேளுங்கள். கையில் கேட்கும் இரைச்சல் ஸ்பீக்கரில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். ஸ்பீக்கரிலும் வந்தால், எங்கே இரைகிறது என்பதுதான் கேள்வி.

திறந்த கம்பியில் மட்டும் இரைந்து, எங்கே அழுத்தினாலும் சுத்தமாக இருக்கிறதா? தலைப்பக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் சின்னக் கட்டையை நட் என்பார்கள், அதன் பள்ளம் தேய்ந்து ஆழமாகிவிட்டது. ட்ரஸ் ரொட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பேக்கிங் சோடாத்தூளைப் பள்ளத்தில் போட்டு ஒரு சொட்டு சுப்பர் குளூ விட்டு, காய்ந்ததும் பழைய கம்பித் துண்டால் அராவி எடுக்கலாம். ஆறு மாதம் தாக்குப்பிடிக்கும். அதற்குள் எலும்பில் புது நட் செய்து போடுங்கள்.

ஒரே ஒரு பிரெட்டில் (விரல் பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) மட்டும் இரைகிறதா? வங்கி அட்டையின் நீள விளிம்பை மூன்று பிரெட்டின் மேல் நிறுத்தி ஆட்டிப் பாருங்கள். சீசோ மாதிரி ஆடினால் நடுப் பிரெட் எழும்பி நிற்கிறது. அதை விரலால் அழுத்தும்போது அசைகிறதா? அசைந்தால் கால் கழன்றிருக்கிறது. மரக்கட்டை வைத்து அமர்த்தி, மெல்லிய சுப்பர் குளூ விட்டு, இறுக்கிக் கட்டி வைக்கலாம். அசையாவிட்டால் அராவி மட்டம் பார்க்க வேண்டும். அது பழகிய கைக்கு உரிய வேலை.

முதல் ஐந்து பிரெட்டுக்குள் எல்லாக் கம்பியும் இரைகிறதா? அல்லது பன்னிரண்டுக்கு மேலே மட்டுமா? இப்போதுதான் கழுத்தின் வளைவை அளக்க வேண்டும்.

முதலாம் பிரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பியையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போடுங்கள். கழுத்தும் உடலும் சேரும் இடத்துப் பிரெட்டில் ஈ கம்பியை வலது கையால் அழுத்துங்கள். இப்போது கம்பியே ஒரு அடிமட்டம். ஏழாம் எட்டாம் பிரெட் பக்கம் கம்பிக்கும் பிரெட்டுக்கும் நடுவில் ஃபீலர் கேஜை விட்டுப் பாருங்கள். விரல் பலகையின் குறுக்கு வளைவு ஏழேகால் இன்ச் ஆரமுள்ள பழைய கழுத்துகளுக்கு ஃபெண்டர் சொல்லும் அளவு 0.35 மில்லிமீட்டர். ஒரு தடித்த விசிட்டிங் காட் அளவு. இடைவெளியே இல்லாமல் கம்பி பிரெட்டில் படுத்திருந்தால் கழுத்து பின்னால் வளைந்திருக்கிறது, முதல் பிரெட்டுகளில் இரைவது அதனால்தான். ஒரு மில்லிமீட்டர் இருந்தால் முன்னால் வளைந்திருக்கிறது. நடுவில் அழுத்தக் கை நோகும், மேலே இரையும்.

வளைவு சரியாக இருந்தும் மேல் பிரெட்டுகளில் இரைந்தால் சேடில் (உடலில் இருக்கும் பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியும் உட்காரும் சின்னத் துண்டு) தாழ்வாக இருக்கலாம், ஏற்றிப் பாருங்கள். ஏற்றியும் போகாவிட்டால் கழுத்தின் அடிப்பகுதியே மேல்நோக்கி எழும்பியிருக்கும். பழைய கழுத்துகளில் அடிக்கடி காண்பது. ட்ரஸ் ரொட் அந்த இடத்தில் வேலை செய்வதில்லை, எவ்வளவு திருப்பினாலும் பயன் கிடையாது. அங்கே பிரெட்டுகளை அராவ வேண்டும்.

ட்ரஸ் ரொட்டைத் திருப்ப வேண்டும் என்று உறுதியான பிறகு:

வலப்புறமாக, கடிகார முள் போகும் திசையில் திருப்பினால் ரொட் இறுகும், முன்வளைவு குறையும். இடப்புறம் திருப்பினால் தளர்ந்து வளைவு கூடும். ஒரு தடவைக்குக் கால் சுற்று. இறுக்குவதானால் முதலில் கம்பிகளைத் தளர்த்திவிடுங்கள். திருப்பிய பிறகு சுருதி கூட்டி, ஒரு இரவு விடுங்கள். ஐம்பது வருடத்து மரம் உங்கள் அவசரத்துக்கு வராது.

அறுபதுகளின் வடிவமைப்பில் வந்தவற்றில் ரொட்டின் நட் கழுத்தின் அடியில், உடலுக்குள் மறைந்திருக்கும். ஒவ்வொரு கால் சுற்றுக்கும் கழுத்தைக் கழற்ற வேண்டும். கம்பியைத் தளர்த்தி, முதலாம் பிரெட்டில் கேப்போவை இறுக்கிவிட்டால் தலையில் சுருதி கூட்டும் முறுக்கிகளில் கம்பி அவிழாது. கழற்றி, திருப்பி, பூட்டி, சுருதி கூட்டி, அளந்து, திரும்பவும் கழற்றி என்று எனக்கு முதல் தடவை ஒரு போயா விடுமுறை முழுவதும் போனது. கழுத்தின் ஸ்குரூ ஆணிகளைத் திரும்பப் பூட்டும்போது முதலில் இடப்புறமாக மெல்லத் திருப்புங்கள். பழைய மறையில் (ஆணியின் புரி வெட்டிய தடத்தில்) 'டிக்' என்று விழும் சத்தம் கேட்கும், அங்கிருந்து வலப்புறம் இறுக்குங்கள். இல்லாவிட்டால் ஆணி மரத்தில் புதுமறை வெட்டி, ஓட்டையைத் தின்றுவிடும்.

கொழும்பில் இதை வருடத்துக்கு இரண்டு தடவையாவது பார்க்க வேண்டியிருக்கிறது. மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கியதும் ஒன்று, ஜனவரி பெப்ரவரியில் காய்ந்த பிறகு இன்னொன்று. மழை வந்தால் என் பேஸின் கழுத்து முன்பக்கம் வளையும். நண்பர் ஒருவரின் பேஸ் அதே மழையில் பின்பக்கம் வளைகிறது. ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு குணம். ஏசி மண்டபத்தில் இரைந்தது என்று அங்கேயே ரொட்டைத் திருப்பாதீர்கள். வீட்டுக்கு வந்து மறுநாள் அளந்து பாருங்கள், பாதி நேரம் தானாகவே பழைய இடத்துக்கு வந்திருக்கும்.

## கம்பி உயரம், விரல் நோகிறது

வளைவை மேலே சொன்னபடி அளந்து சரிசெய்தாயிற்றா? பிறகு பதினேழாம் பிரெட்டில் உயரம் பாருங்கள். ஈ கம்பிக்கு 2.8, ஜி கம்பிக்கு 2.4 மில்லிமீட்டர் அந்தப் பழைய வளைவுப் பலகைகளுக்கு நல்ல தொடக்கம். அதிகமாக இருந்தால் சேடிலின் சின்ன ஆணிகளை இறக்குங்கள். கடற்கரை வீடுகளில் இவை துருப்பிடித்து ஒட்டியிருக்கும். அலன் கீயைச் சுழற்றிப் போராட வேண்டாம். ஊடுருவும் எண்ணெய் ஒரு சொட்டை ஊசி முனையால் வைத்து, இரவு முழுக்க விட்டுவிடுங்கள். எண்ணெய் மரத்தில் படாமல் கீழே துணி விரியுங்கள்.

சேடிலை அடிவரை இறக்கியும் கம்பி உயரமாகவே இருந்தால் கழுத்தின் கோணம் பிழை. எழுபதுகளில் வந்த மூன்று ஆணிக் கழுத்துகளில் பின்தகட்டில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். கழுத்து ஆணிகளைக் கொஞ்சம் தளர்த்தி, அதற்குள் அலன் கீ விட்டுக் கோணத்தை மாற்றலாம். நான்கு ஆணிக் கழுத்தென்றால் கழற்றி, குழியின் பிரிட்ஜ் பக்க ஓரத்தில் விசிட்டிங் காட்டில் வெட்டிய ஒரு துண்டு வையுங்கள். கழற்றும்போது உள்ளே ஏற்கெனவே ஒரு துண்டு இருந்தால் எறிந்துவிடாதீர்கள். யாரோ காரணத்தோடுதான் வைத்திருக்கிறார்கள். என் பேஸுக்குள் மடித்த லொத்தர் சீட்டு ஒன்று இருந்தது. சித்தப்பாவின் வேலை. பரிசு விழாத சீட்டாகத்தான் இருக்க வேண்டும்.

## ட்ரஸ் ரொட் திரும்பவில்லை, அல்லது திரும்பிக்கொண்டே இருக்கிறது

இந்த இடத்தில் நீங்கள் நிறுத்த வேண்டும்.

திரும்பாவிட்டால் நட்டைச் சுற்றி ஒரு சொட்டு ஊடுருவும் எண்ணெய், ஒரு நாள் பொறுமை, பிறகு இடப்புறமாக ஒரு மெல்லிய முயற்சி. அவ்வளவுதான். நீண்ட பிடி போட்ட சாவியால் பலம் கொடுத்தால் ரொட் முறியும். முறிந்தால் விரல் பலகையையே கழற்றிப் புது ரொட் போட வேண்டும். இலேசாகத் திரும்பிக்கொண்டே இருந்து கழுத்தில் எந்த மாற்றமும் இல்லாவிட்டால் மறை போயிருக்கிறது, அல்லது ரொட் ஏற்கெனவே முறிந்திருக்கிறது. நட் முழுதாக இறுகியும் கழுத்து இன்னும் முன்னால் வளைந்திருந்தால், நட்டைக் கழற்றி உள்ளே ஒன்றிரண்டு சின்ன வொஷர் போட்டால் இன்னும் சில சுற்றுக் கிடைக்கும். அதுகூடக் கிட்டார் திருத்தத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் செய்யுங்கள்.

கிட்டார் திருத்தத் தெரிந்தவர் என்றுதான் சொல்கிறேன். எங்கள் ஊரில் தச்சரைப் 'பாஸ்' என்று கூப்பிடுவோம். பேஸைப் பாஸிடம் கொடுக்காதீர்கள். கதவு நிலை செய்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் என்னிடம் வந்த ஒரு பேஸின் விரல் பலகையை ஒரு பாஸ் "நேராக்கித் தருகிறேன் தம்பி" என்று சீவியிருந்தார். உண்மையிலேயே நேராகத்தான் இருந்தது, முனைக்கு முனை சமதளமாக. குறுக்குவாட்டில் இருக்க வேண்டிய வளைவும் சேர்ந்து போயிருந்தது. புதுக் கழுத்துத்தான் வழி.

முறுகிய கழுத்தும் இதே பட்டியலில். பிரிட்ஜ் பக்கம் கண்ணை வைத்துத் தலையை நோக்கிப் பாருங்கள். ஈ பக்கமும் ஜி பக்கமும் வெவ்வேறு அளவில் வளைந்திருந்தால் ரொட்டால் அதைச் சரிசெய்ய முடியாது.

## ஜி கம்பி பலகை விளிம்பிலிருந்து சறுக்கி விழுகிறது

கழுத்து குழிக்குள் ஒரு பக்கம் நகர்ந்திருக்கிறது. எங்கேயோ இடிபட்டிருக்கும், அல்லது பஸ்ஸில் கொண்டுபோயிருப்பீர்கள். கழுத்து ஆணிகளைக் கால் சுற்று மட்டும் தளர்த்துங்கள், கம்பி இறுக்கமாகவே இருக்கட்டும். உடலை மடியில் பிடித்துக்கொண்டு தலையை ஈ கம்பி இருக்கும் பக்கம் இழுங்கள். 'கடக்' என்று நகரும். இரண்டு விளிம்பிலும் இடைவெளி சமமா என்று பார்த்து இறுக்குங்கள். ஐந்து நிமிட வேலை. இதற்காகப் பிரிட்ஜையே கழற்றி இடம் மாற்றி ஓட்டை போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

## சுருதி நிற்கவில்லை

திறந்த கம்பி சரி, பன்னிரண்டாம் பிரெட்டில் சுருதி கூடுகிறது என்றால் சேடிலைப் பின்னால் இழுங்கள், குறைந்தால் முன்னால். ஆணியைத் திருப்பும்போதெல்லாம் திறந்த கம்பியையும் திரும்பக் கூட்ட மறக்காதீர்கள்.

கொஞ்ச நேரத்தில் எல்லாக் கம்பியும் இறங்கினால் கழுத்து ஆணிகளைப் பாருங்கள். ஒரு கம்பி மட்டும் இறங்கினால் அதன் முறுக்கியின் பின்பக்க ஆணி, பிறகு முறுக்கியின் பல். சுருதி கூட்டும்போது 'டிங்' என்று துள்ளினால் நட் பள்ளத்தில் கம்பி சிக்குகிறது, பென்சில் கரியைத் தேய்த்துவிடுங்கள்.

ஜி கம்பியில் ஐந்தாம் பிரெட்டிலிருந்து ஏழாம் பிரெட்டுக்குள் ஒரு இடத்தில் மட்டும் ஒலி சட்டென்று செத்துப்போகிறதா? அதைப் பழுதென்று நினைத்து எதையும் கழற்றாதீர்கள். இந்தக் குடும்பத்துப் பேஸ்களின் பிறவிக்குணம் அது. அந்த இடத்தில் கம்பியின் அதிர்வைக் கழுத்தே வாங்கிக்கொள்கிறது. தலையில் ஒரு சின்ன இரும்புக் கவ்வியை மாட்டிப் பார்த்தால் செத்த இடம் ஒரு பிரெட் அங்கே இங்கே நகரும். என்னுடையது ஆறாம் பிரெட்டில் இருக்கிறது. நான் அந்தச் சுரத்தை டி கம்பியின் பதினோராம் பிரெட்டில் வாசித்துப் பழகிவிட்டேன்.

## சத்தமே இல்லை

இனி மின்சாரப் பக்கம். முதலில் வேறு வயர், வேறு அம்ப். சிரிக்காதீர்கள், செத்த பேஸ் என்று தெஹிவளையிலிருந்து திரீவீல் பிடித்து வந்த ஒரு தம்பியை வயரை மாற்றிக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

உள்ளே பற்றரி உள்ளதா? 1976 இல் மியூசிக் மேன் ஸ்டிங்ரே வந்த பிறகு, பற்றரியில் ஓடும் சுற்றுகள் பேஸ்களுக்குள் பரவலாக வரத் தொடங்கின. பழைய பேஸ்களில் பிறகு யாராவது பூட்டியும் இருக்கலாம். 9 வோல்ட் பற்றரியை மாற்றுங்கள். சத்தம் முதலில் கிழிந்து பிறகு போனதென்றால் பற்றரிதான். இவற்றில் வயரைச் சொருகி வைத்தாலே பற்றரி ஓடும், வாசித்து முடிந்ததும் கழற்றுங்கள்.

பற்றரி இல்லையென்றால் மல்டிமீட்டர். பேஸில் வயரைச் சொருகி, மற்ற முனையில் நுனிக்கும் தண்டுக்கும் நடுவே ஓம் அளவெடுங்கள். எல்லாக் குமிழும் முழுதாகத் திறந்திருக்கட்டும். இரண்டு பிக்கப் ஜாஸ் பேஸ் என்றால்:

- மூன்றரை முதல் நான்கு கிலோஓம்: இரண்டு பிக்கப்பும் உயிரோடு. பழுது வெளியே, அம்ப் பக்கம்.
- ஏழு, எட்டு கிலோஓம்: ஒரு பிக்கப் மட்டும் வேலை செய்கிறது.
- நூறு கிலோஓமுக்கு மேல்: பொட்கள் (குமிழ்களுக்கு அடியில் இருக்கும் மாறும் மின்தடைகள்) மட்டும் தெரிகின்றன, பிக்கப் இரண்டும் வரவில்லை.
- பூச்சியம்: எங்கோ இரண்டு வயர் தொடுகின்றன. வயர் சொருகும் ஜாக்கின் நாக்கு குழிக்குள் ஒட்டிய தகட்டில் முட்டுவது வழக்கமான இடம்.
- மீட்டர் அசையவே இல்லை: ஜாக்கில் வயர் கழன்றிருக்கிறது.

ஃபெண்டரின் இன்னொரு வகையான பிரிசிஷன் பேஸ் என்றால் பத்து, பதினொரு கிலோஓம் காட்டும். அதன் இரண்டு பாதிச் சுருளும் தொடராக இணைந்தவை. ஒன்று அறுந்தாலே முழுச் சத்தமும் போய்விடும். 'ஈ, ஏ மட்டும் கேட்கிறது' என்றால் சுருள் அறுந்ததல்ல, வேறு பிரச்சினை.

## விட்டு விட்டு வருகிறது, கரகரக்கிறது

சொருகியை ஆட்டினால் கரகரக்கிறதா, குமிழைத் திருப்பினால் கரகரக்கிறதா? இரண்டும் இரண்டு பழுது.

சொருகியை ஆட்டினால் என்றால் ஜாக். தகட்டைக் கழற்றி, ஜாக்கின் வளைந்த நாக்கைச் சொருகி இல்லாதபோது கொஞ்சம் உள்நோக்கி வளையுங்கள். உள்வளையத்தைப் பஞ்சில் ஐசோபுரோப்பைல் அல்கஹோல் தொட்டுத் துடையுங்கள். பஞ்சு கறுப்பாக வரும். ஜாக்கின் வெளி நட் தளர்ந்து முழு ஜாக்கும் சுழல்கிறதென்றால், உள்ளே வயரும் சேர்ந்து முறுகியிருக்கும். நட்டை வெளியிலிருந்து மட்டும் இறுக்கினால் வயர் அறும். தகட்டைக் கழற்றி ஜாக்கைக் கையில் பிடித்துக்கொண்டு இறுக்குங்கள்.

குமிழைத் திருப்பினால் என்றால் பொட். முதலில் மருந்து எதுவும் வேண்டாம். அம்ப்பை அணைத்துவிட்டு ஒவ்வொரு குமிழையும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் முப்பது தடவை திருப்புங்கள். போகாவிட்டால் மின்தொடர்புகளைச் சுத்தப்படுத்தும் ஸ்பிரேயை, வயர் ஒட்டியிருக்கும் கால்களுக்குப் பக்கத்து இடைவெளியில் ஒரு விநாடி மட்டும் அடித்துத் திரும்பவும் முப்பது தடவை. துருப்பிடித்த கதவு ஆணிக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரே வேண்டாம். அன்றைக்குச் சரியாகும், பிறகு தூசியைச் சேர்த்து முன்பைவிட மோசமாகும்.

இரண்டு தடவை சுத்தம் செய்தும் போகாவிட்டால்தான் புதுப் பொட். ஜாஸ், பிரிசிஷன் வகைகளுக்கு 250 கிலோஓம். கழற்றுவதற்கு முன் முதுகில் குத்திய எண்ணைப் படியுங்கள். அமெரிக்கப் பொட்டில் முதல் மூன்று இலக்கம் செய்தவர் அடையாளம் (137 என்றால் சீடிஎஸ், 304 என்றால் ஸ்டாக்போல்), அடுத்த இரண்டு இலக்கம் வருடம், கடைசி இரண்டு இலக்கம் கிழமை (வாரம்). 1377615 என்றால் 1976 இன் பதினைந்தாம் கிழமை. பேஸ் அதற்கு முன் பூட்டப்பட்டிருக்க முடியாது. விற்கும்போது வாங்குபவர் முதலில் பார்ப்பது இந்த எண்ணையும், யாரும் தொடாத பழைய ஈயத்தையும்தான். அதனால் அயனைச் சூடாக்குவதற்கு முன் எல்லா மூட்டுகளையும் போனில் படம் எடுங்கள். கழற்றிய சாமானை ஒரு பொலித்தீன் பையில் போட்டுக் கிட்டார்ப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள்.

டோன் குமிழ் மட்டும் எதுவும் செய்யவில்லை என்றால் கப்பாசிட்டரின் கால் ஒன்று கழன்றிருக்கும். இந்தப் பேஸ்களில் பெரும்பாலும் 0.047 மைக்ரோஃபாரட். மலிவான சாமான். ஆனால் பழையது வேலை செய்தால் விட்டுவிடுங்கள்.

## உறுமுகிறது

கம்பியைத் தொட்டுப் பாருங்கள்.

தொட்டதும் குறைகிறதா? ஏர்த் சரியாக இருக்கிறது. மீதி உறுமல் அறையிலிருந்து வருகிறது: எல்ஈடி பல்ப், விசிறி ரெகுலேட்டர், மண்டபத்து ஜெனரேட்டர். திரும்பி நின்று பாருங்கள், சில திசையில் அடங்கும். ஜாஸ் பேஸில் இரண்டு வொலியூமையும் முழுதாகத் திறந்தால் உறுமல் நின்று, ஒன்றைக் குறைத்ததும் வந்தால் அது பழுதே அல்ல. இரண்டு சுருளும் எதிரெதிராகச் சுற்றப்பட்டு ஒன்றின் உறுமலை மற்றது அடிக்கும்படி செய்தவை. தாங்க முடியாவிட்டால் குழிகளுக்குள் செப்புத் தாள் ஒட்டி ஏர்த்தோடு இணைக்கலாம்.

தொட்டாலும் எந்த வித்தியாசமும் இல்லையா? பிரிட்ஜுக்கும் ஜாக்கின் ஏர்த்துக்கும் நடுவே மீட்டரை வையுங்கள். ஒன்றிரண்டு ஓமுக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் பிரிட்ஜுக்கு அடியில் வயர் விட்டுவிட்டது. அங்கே ஈயம் கிடையாது. உரித்த வயர்முனையைப் பிரிட்ஜ் தன் பாரத்தால் அமுக்கி வைத்திருக்கும், அவ்வளவே. வியர்வையும் உப்புக்காற்றும் போய்ச் சேரும் இடம் அது. என் பிரிட்ஜைத் தூக்கியபோது வயர் பச்சைப் பொடியாகக் கையோடு வந்தது. புது முனை உரித்து, விசிறிபோலப் பிரித்து, பிரிட்ஜின் அடியை மணல்தாளால் பளபளவென்று தேய்த்துப் பூட்டினேன். அரைமணி நேர வேலை, செலவு ஒன்றும் இல்லை.

தொட்டால் உறுமல் கூடுகிறதா? ஜாக்கில் இரண்டு வயரும் இடம் மாறியிருக்கும், அல்லது அம்ப்பின் ஏர்த் இல்லை.

## ஷொக் அடிக்கிறது

மைக்கில் உதடு பட்டதும் சுரீர் என்றதா? உடனே கழற்றுங்கள், அன்றைக்கு வாசிப்பு முடிந்தது. இங்கே பேஸில் பழுது தேடாதீர்கள். 230 வோல்ட் எங்கிருந்தோ அம்ப்பின் உடலுக்கு வருகிறது, அல்லது மைக்குக்கும் அம்ப்புக்கும் ஒரே ஏர்த் இல்லை. சுவரில் இருப்பது பழைய உருண்டைப் பின் பிளக், கையில் இருப்பது சதுரப் பின் சொருகி என்று ஏர்த் பின்னை உடைத்துச் சொருகும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஏர்த் பின்னை உடைத்த அம்ப்பை நான் தொடுவதில்லை. இலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஏர்த்தையும் ட்ரிப் ஸ்விட்ச்சையும் சோதிக்கச் சொல்லுங்கள். இந்த ஒரு தலைப்பில் மட்டும் 'நானே பார்க்கிறேன்' என்ற பேச்சுக்கு இடமில்லை.

## சத்தம் மெலிந்து, அடிச்சுருதி காணாமல் போய்விட்டது

தனித்தனியாக இரண்டு பிக்கப்பும் நன்றாக இருந்து, சேர்த்தால் மட்டும் தகரம் தட்டுவது போல ஒலித்தால் ஒன்று தலைகீழாக இணைக்கப்பட்டிருக்கிறது. யாரோ திருத்தியபோது நடந்தது. ஒரு பிக்கப்பின் இரண்டு வயரையும் மாற்றி ஒட்டினால் போதும். ஒரு கம்பி மட்டும் மெலிந்தால் பிக்கப்பின் உயரத்தைப் பாருங்கள். அடியில் இருந்த ஸ்பஞ்சு பழசாகிப் பொடிந்து பிக்கப் ஒரு பக்கம் சரிந்திருக்கும். புதுத் துண்டு ஸ்பஞ்சு வெட்டி வையுங்கள்.

ஒரு பிக்கப் முழுதாகச் செத்திருந்தால், அம்ப்பைத் திறந்து வைத்து ஸ்குரூ டிரைவரால் காந்தத்தில் மெல்லத் தட்டுங்கள். 'டொக்' என்று ஸ்பீக்கரில் கேட்டால் உயிர் இருக்கிறது, வயரைத் தேடுங்கள். கேட்காவிட்டால் பிக்கப்பின் இரண்டு வயரையும் பொட்டிலிருந்து கழற்றி நேரடியாக ஓம் அளவெடுங்கள். அப்போதும் மீட்டர் அசையாவிட்டால்தான் சுருள் அறுந்தது என்று அர்த்தம்.

என்னுடையது அப்படித்தான் இருந்தது. மருதானைப் பக்கம் விசிறி மோட்டர் சுற்றித் தரும் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். ஐயா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, சுருளின் முனையை நகத்தால் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "தம்பி, இது வயரில்லை, தலைமயிர். இதைச் சுற்ற எங்களிடம் சாமானில்லை." பிழை சொல்ல முடியாது, 0.06 மில்லிமீட்டர் கம்பி. ஆனால் திருப்பித் தரும்போது ஒன்று சொன்னார்: "உள்ளே அறாது, முனையில்தான் அறும். அங்கே பாருங்கோ."

வீட்டில் வந்து கடிகாரக்காரர் பூதக்கண்ணாடி ஒன்றை இரவல் வாங்கிப் பார்த்தேன். பிக்கப்பின் அடித்தட்டில் வெளி வயர் வந்து சேரும் துளையில், சுருளின் முனை பச்சை பூத்து, அரை மில்லிமீட்டர் தள்ளி நின்றது. ஒரு சுற்றை மட்டும் தையல் ஊசியால் அவிழ்த்து, முனையின் பூச்சை நுண் மணல்தாளால் ஒரே ஒரு தடவை தடவி, துளையில் வைத்து அயனின் நுனியால் தொட்டு எடுத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு மீட்டரை வைத்தேன். 7.4 கிலோஓம்.